ஏரி வேலை

மேல்நெல்லிக்காட்டில் ஏரி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதையில் வரும் பெரிய மனிதர்கள் யாருக்கும் கடைசிவரை இது தெரியப்போவதில்லை, உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து பிரிந்து, தார் ரோடு தீர்ந்து, மண் ரோடும் தீர்ந்து, அப்புறம் மாடு போகிற தடத்தில் ஏறினால் வருகிற ஊர் அது. சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கிற ஊரில் தண்ணீர் எங்கே நிற்கும்? பெய்த மழை ஒரு வேளைகூடத் தங்காமல் ஓடையில் இறங்கி, கச்சிராயபாளையத்துப் பக்கம் கோமுகி அணைக்குப் போய்த்தான் மூச்சு வாங்கும்.

ஆனால் அந்த ஊரில் 'ஏரி வேலை' உண்டு. அரசாங்கம் கூலி கொடுத்து ஊர்க்காரர்களையே மண் வெட்டச் சொல்கிற வேலைக்குக் கீழ்நாட்டில் அப்படித்தான் பேர். அங்கே ஏரியைத் தூர் வாரினார்கள், பேர் வந்தது. பேர் பஸ் ஏறி மலைக்கும் வந்துவிட்டது, ஏரிதான் வரவில்லை. ஓடையில் கல் அடுக்கினாலும் ஏரி வேலைதான், தடத்தோரம் பள்ளம் தோண்டினாலும் ஏரி வேலைதான். ஊரில் ஒருத்தருக்கும் இதில் குழப்பமில்லை.

அந்த ஏரி வேலை போன தை மாதத்தோடு நின்றுபோனது. ஏன் நின்றது என்று கேட்டால், மேலே இருந்து வரவில்லை என்றார்கள். மேல்நெல்லிக்காட்டுக்கும் மேலே இருப்பது ஆகாசம் ஒன்றுதான்.

இதில் அதிகம் வயிறெரிந்தவள் சாமியம்மாள். ஏரி வேலை இல்லையென்றால் குடகுக்குக் காப்பி பறிக்கப் போக வேண்டும். கார்த்திகை பிறந்தால் மேஸ்திரி ராமசாமி வேனைக் கொண்டுவந்து தடம் முடிகிற இடத்தில் நிறுத்தி ஹாரன் அடிப்பான். போன வருஷம் அவளும் புருஷன் மாதனும் அந்த வேனில் ஏறினார்கள். மாட்டையும் கோழியையும் வீட்டையும் மகள் மகேஸ்வரி பார்த்துக்கொண்டாள். அதாவது பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது பிள்ளை பிளஸ் ஒன்னில் இரண்டு பாடத்தைக் கோட்டை விட்டிருந்தாள். பிறகு எழுதித் தேறிவிட்டாள் என்றாலும், அந்த ரெண்டு மாதமும் பிள்ளை தனியாக மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு இருந்ததைச் சாமியம்மாள் மறக்கவில்லை. இந்த வருஷம் பிளஸ் டூ. வானமே இடிந்து விழுந்தாலும் குடகுக்குப் போவதில்லை என்று அவள் கரியராமன் சாமி மேல் ஆணை வைத்திருந்தாள். ஆணை வைத்தால் போதுமா, உலையில் அரிசியும் வைக்க வேண்டுமே.

இந்தச் சமயத்தில்தான் வாரியம் வந்து சேர்ந்தது.

மாநில வேலைநிலைக் கணிப்பு வாரியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வாரியத்தின் வேலை வேலை கொடுப்பது அல்ல. யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை, யார் தேடுகிறார்கள், யார் தேடவில்லை என்று மாதா மாதம் பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று ஒரு புள்ளியை அறிவிப்பது. காய்ச்சல்காரனுக்கு மருந்து கொடுக்காமல் மாதம் தவறாமல் வந்து சூடு மட்டும் பார்த்துவிட்டுப் போகிற டாக்டர் மாதிரி. சூடு கூடுதலாக இருந்தால் தெர்மாமீட்டரை ரெண்டு உதறு உதறுவார்கள்.

வாரியத்தின் சார்பில் ஆடி மாதம் மலை ஏறி வந்தவன் சுபாஷ். ரிஷிவந்தியத்துப் பையன், எம்.காம் படித்தவன். மாநிலத்தில் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று கேட்டுக் குறிப்பதற்காக வாரியம் அவனைத் தற்காலிகமாக வேலைக்கு வைத்திருந்தது. கையில் ஒரு டேப்லெட். வியர்த்து வழிய வந்து சாமியம்மாள் வாசலில் நின்றான்.

அவள் அப்போதுதான் காட்டில் சாமைக்குக் களை எடுத்துவிட்டு, விறகு சுமந்து வந்து போட்டு, மாட்டைக் கட்டி, உலை வைத்துவிட்டு, கோழிக்குத் தீனி இறைத்துக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் எதுனா வேலை செஞ்சீங்களாக்கா?" என்றான் சுபாஷ்.

"நமக்கு இன்னா வேலை தம்பி? சும்மாதான் கீறோம்."

சுபாஷ் டேப்லெட்டைத் தடவிப் பார்த்தான். சும்மா என்று அதில் ஒன்றும் இல்லை.

"ஒரு வாரத்துல ஒரு மணி நேரம் செஞ்சிருந்தாக்கூட வேலைதாங்க்கா. இப்ப கோழிக்குத் தீனி போடுறீங்களே, முட்டை விப்பீங்களா?"

"எப்பனா விப்போம்."

"அப்ப அது வேலை."

"ஒலை வெச்சிக்கீறேனே, அது?"

"வூட்டுல சோறாக்குறது வேலையில வராதுக்கா."

சாமியம்மாள் கையிலிருந்த தீனியை ஒருதரம் பார்த்தாள். "கோழிக்கு எறச்சா வேலை, பெத்த புள்ளைக்கு ஆக்குனா வேலை இல்லையா? எந்த மவராசன் தம்பி இத எழுதுனது?"

அந்த மகராசன் யார் என்று சுபாஷுக்கும் தெரியாது. அவன் பேச்சை மாற்றினான். "வேலை தேடுனீங்களாக்கா?"

"எங்க போயித் தேட? வேலை இன்னா காணாப் போன ஆடா, மலை மலையாக் கூவிக்கினு போறதுக்கு? எங்களுக்குத் தெரிஞ்சது ஏரி வேலை. அது தையோட நின்னுபோச்சி. அதத் தொறந்து உட்டாப் போதும். எழுதிக்க."

"உங்க வூடு சும்மா வூடு இல்லக்கா," என்றான் சுபாஷ், அவளைக் கொஞ்சம் குளிர்விக்க நினைத்து. "கம்ப்யூட்டர் எடுத்த வூடு. இந்த மலையில கீற அத்தினி வூட்டுக்கும் நீங்கதான் பதில். நீங்க சொல்றது ஒரே ஆள் சொல்றது இல்ல, ஆயிரமாயிரம் பேர் சொல்றதாட்டம் கணக்குல வரும்."

சாமியம்மாளுக்கு அது பிடித்திருந்தது. "கணக்குல வந்தா சரி. கணக்குல வந்தது என்னிக்கினா ஒருநாள் ஊருக்கும் வந்துதான ஆவணும்."

சுபாஷ் சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி நின்று 'ஏரி வேலை' என்று அடித்தான். சென்னையில் குளிர்சாதன அறையில் செய்யப்பட்ட அந்த டேப்லெட்டுக்கு ஏரி வேலை என்றால் ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது: உள்நாட்டு மீன்வளம். அதைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். மழை வேறு தூறத் தொடங்கியது. அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று தொட்டுவிட்டான். வேலை நின்றுபோனது என்று அடித்ததற்கு, 'தற்காலிகமாக வேலைக்குச் செல்லாதவர், எனவே வேலையில் உள்ளவர்' என்று அதுவே பதில் சொல்லிக்கொண்டது. தேடவில்லை என்பதை மட்டும் ஒரு மறுப்பும் இல்லாமல் வாங்கிக்கொண்டது.

அப்புறம் திருத்தப் பார்த்தபோது, 'மேலதிகாரி அனுமதி தேவை' என்று வந்தது.

ஆவணி மாதத்துப் புள்ளி வெளியானபோது கள்ளக்குறிச்சியில் துருகம் ரோட்டு மாடியில் இருந்த வாரியத்தின் மாவட்ட அலுவலகம் அல்லோலகல்லோலப்பட்டது. மலைப்பகுதியில் வேலையின்மை விழுந்துவிட்டது, மீன்வளத்தில் மலைவாழ் பெண்களின் பங்கு எகிறிவிட்டது. கடலோர மாவட்டங்களையெல்லாம் கல்வராயன் மலை பின்னுக்குத் தள்ளிவிட்டது. மாவட்ட அலுவலர் கண்ணாயிரம் முப்பது வருஷ சர்வீஸில் முதல்முறையாகத் தலைமையகத்திலிருந்து பாராட்டு வாங்கினார். சுபாஷ் மட்டும், "சார், அந்த ஊருல ஏரி இல்ல சார்," என்றான்.

"தம்பி," என்றார் கண்ணாயிரம் பொறுமையாக, "புள்ளி வெளியாகிறதுக்கு முன்னால சொன்னா அது திருத்தம். வெளியான பின்னால சொன்னா அது வதந்தி."

இருந்தாலும் நேரில் பார்த்துவிடுவோம் என்று புரட்டாசியில் ஜீப்பில் கிளம்பினார். ஜீப் நின்ற இடத்திலிருந்து ஊருக்கு நடந்து வருவதற்குள் அவருக்கு ரெண்டு இடத்தில் மூச்சு வாங்கியது. ஊரே கூடிவிட்டது. வேலை கொடுக்கத்தான் ஆபீசர் வந்திருக்கிறார் என்று சாமியம்மாளும் பக்கத்து வீட்டு ஜெயம்மாளும் மண்வெட்டியைக்கூடக் கையோடு எடுத்து வந்திருந்தார்கள்.

"மீன் எல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்று ஆரம்பித்தார் கண்ணாயிரம்.

"மீனா? நமக்கு எங்க சார் மீனு? வெள்ளிமலை சந்தையில கருவாடு வாங்கியாறதுதான்."

"கருவாடு," என்று சுபாஷ் பக்கம் திரும்பினார். "பதப்படுத்துதலும் நடக்குது. குறிச்சுக்கோ. ஏரி எந்தப் பக்கம்மா?"

"ஏரி இல்லீங்க சார்."

"வத்திப்போச்சா?"

"இருந்தாதான சார் வத்துறதுக்கு?"

கண்ணாயிரம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார். "இங்க பாரும்மா. ஏரி இருக்கா இல்லையான்னு பாக்குறது வேற டிபார்ட்மெண்ட். ஏரியில வேலை செய்யறவங்க இருக்காங்களான்னு பாக்குறதுதான் நம்ம டிபார்ட்மெண்ட். ரெண்டையும் போட்டுக் குழப்பினா நிர்வாகம் நடக்காது. நான் போயி அங்க ஏரி இல்லன்னு எழுதினா, அவங்க வந்து இங்க வேலை இல்லன்னு எழுதுவாங்க. அப்புறம் யாருக்கு என்ன மரியாதை?"

"சார், ஏரி வேலைன்னா மண்ணு வெட்டுற வேலை சார். அதத் தொறக்கச் சொல்லி எழுதுங்க."

"வேலையில இருக்கிறவங்களுக்கு எப்படிம்மா வேலை கொடுக்கச் சொல்றது? பேராசைப்படக் கூடாது," என்றார் கண்ணாயிரம். வந்ததற்கு ஜெயம்மாள் கொடுத்த மோரைக் குடித்தார், மண்வெட்டியோடு நிற்கிற பெண்களைப் படம் எடுத்துக்கொண்டார். 'மீன் குட்டைக் கரையைப் பலப்படுத்தும் மகளிர்' என்று அந்தப் படம் மறுநாள் தலைமையகத்துக்குப் போனது.

ஆனையைக் கேட்டால் பூனையையாவது கொடுப்பார்கள் என்பது உலக வழக்கம். வாரியம் வலையைக் கொடுத்தது.

ஐப்பசியில் வெள்ளிமலையில் ஷாமியானா போட்டு, மைக் கட்டி விழா. சென்னையிலிருந்து வாரியத் தலைவர் செந்தமிழ்ச்செல்வி அம்மையாரே வந்திருந்தார். மேல்நெல்லிக்காடு 'முழு வேலை பெற்ற முதல் மலைச் சிற்றூர்' என்று அறிவிக்கப்பட்டது. வீட்டுக்கு ஒரு வீச்சு வலை. சுத்துப்பட்டு மலையூர்களுக்கும் ஊக்கமாக இருக்கட்டும் என்று ஆளுக்கொரு வலை. சாமியம்மாளை மேடைக்குக் கூப்பிட்டு, சிறந்த மலை மீனவப் பெண் என்று கழுத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் வாழ்க்கையில் தொட்ட பெரிய மீன் நெத்திலி.

அம்மையார் பேசினார். நல்ல கணீர்க் குரல்.

"நான் பொறுப்புக்கு வந்தபோது வேலையின்மை எவ்வளவு இருந்தது? இன்று எவ்வளவு? ஒரே ஒரு தொழிற்சாலைகூடக் கட்டாமல், ஒரே ஒரு புதிய பணியிடம்கூட உருவாக்காமல், இந்தச் சாதனையைச் செய்திருக்கிறோம். வேறு எந்த மாநிலமாவது செய்து காட்டட்டும்." கைத்தட்டல். "சிலர் வேலை இல்லை, வேலை இல்லை என்கிறார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன். தேடினாயா? உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட இலக்கணம் இது. வேலை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, தேடவும் வேண்டும். தேடாதவருக்கு வேலை இல்லாதவர் என்று சொல்லிக்கொள்ளும் தகுதியே கிடையாது. தேடாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் இந்த வாரியம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது."

சாமியம்மாள் மைக் பக்கமாகவே நகர்ந்து, "அம்மா, ஏரி வேலை நின்னு இத்தினி மாசம் ஆச்சிங்க, அதத் தொறந்து உடுங்க," என்றாள். மைக்கில் அது நன்றாகவே கேட்டது.

அம்மையார் சிரித்தபடி அவள் தோளைத் தட்டினார். "முழு வேலை பெற்ற ஊருக்கு இனிமேல் அந்த வேலை எதற்கம்மா? அதை நேற்றே நிரந்தரமாக நிறுத்தச் சொல்லிக் கடிதம் போட்டுவிட்டோம்."

பொன்னாடை போர்த்திய கழுத்தோடு சாமியம்மாள் மேடையிலேயே நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வாயில் நல்ல வசவு ஒன்று வந்தது, சபை மரியாதைக்காக அதை விழுங்கிக்கொண்டாள்.

வீச்சு வலைகள் ஊருக்குப் போய் ஆளுக்கொரு விதமாகப் பயன்பட்டன. ஜெயம்மாள் அவரைப் பந்தலுக்குக் குரங்கு வராமல் போர்த்தினாள். சாமியம்மாள் கோழிக்கூண்டுக்கு முன்னால் கட்டினாள். கார்த்திகை பிறந்தது. மேஸ்திரி ராமசாமி ஆள் சொல்லி அனுப்பினான்: வருகிற வெள்ளிக்கிழமை வேன் வரும், ஏறுகிறவர்கள் தயாராக இருங்கள்.

மாதன் மூட்டை கட்ட ஆரம்பித்தான். நல்ல மனுஷன், ஆனால் எந்த வேன் வந்தாலும் ஏறிவிடுகிறவன்.

"போயிட்டு வந்துடலாம் சாமி. வேற இன்னா பண்றது?"

"நான் மாட்டப் பாத்துக்கறேம்மா," என்றாள் மகேஸ்வரி, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். "பிராக்டிகல் ரெண்டுதான் போவும். டீச்சர்கிட்ட சொல்லிக்கறேன்."

அவள் தலையைத் தூக்காமல் சொன்னதுதான் சாமியம்மாளைச் சுட்டது. தூக்கினால் கண்ணைப் பார்த்துவிடுவார்கள் என்று பிள்ளை குனிந்துகொண்டிருக்கிறாள். சாமியம்மாள் எழுந்து போய்க் கோழிக்கூண்டில் கட்டியிருந்த வலையை அவிழ்த்தாள். கோழியெல்லாம் வெளியே ஓடியது.

"இன்னா பண்ற?" என்றான் மாதன்.

"வேலை தேடுனியான்னு கேட்டாங்க இல்ல? தேடப் போறேன்."

மறுநாள் காலை கள்ளக்குறிச்சி பஸ்ஸில் மேல்நெல்லிக்காட்டுப் பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார்கள். சில ஆம்பிளைகளும் ஏறினார்கள். மாதனும் ஏறினான், சொன்னேனே, வேனோ பஸ்ஸோ, ஏறிவிடுவான். கண்டக்டர், "இன்னாம்மா, அணையில மீன் புடிக்கவா?" என்றான்.

"இல்ல, டவுனுல வேலை புடிக்க," என்றாள் ஜெயம்மாள்.

துருகம் ரோட்டு மாடிப்படியில் அவர்கள் ஏறியபோது அலுவலகத்தில் கண்ணாயிரமும் சுபாஷும் ஒரு பியூனும் இருந்தார்கள். பாக்கி நாற்காலிகளில் ஆள் இல்லை. சிலவற்றில் துண்டு போட்டிருந்தது.

"யாரும்மா நீங்க? என்ன வேணும்?"

"மலை மேல மீனவருங்க சார்," என்றாள் சாமியம்மாள். "வேலை தேடி வந்துக்கீறோம்."

"மனுவை பியூன்கிட்ட கொடுத்துட்டு..."

"மனு இல்லீங்க. தேடி வந்துக்கீறோம்."

தேட ஆரம்பித்தார்கள். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். பீரோவைத் திறந்து பார்த்தார்கள். ஜெயம்மாள் தண்ணீர்ப் பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்து, "இதுல இல்லடி," என்றாள். ஒருத்தி ஜன்னல் திரையை விலக்கினாள். மாதன், எதற்கும் இருக்கட்டும் என்று, மின்விசிறிக்கு மேலே அண்ணாந்து பார்த்தான். சாமியம்மாள் நடு அறையில் நின்று, வலையை இரண்டு கையிலும் விரித்து, எங்கேயும் கற்றுக்கொள்ளாத ஒரு வீச்சு வீசினாள். அது போய்க் காலி நாற்காலிகள் மேல் விழுந்தது. இழுத்தாள். நாலு நாற்காலி கடகடவென்று கூடவே வந்தது.

"இது இன்னா சார், நாற்காலி நெறைய கீது, ஆளக் காணோம்?"

"அதெல்லாம் காலிப் பணியிடம்மா. வருஷக்கணக்கா நிரப்பல. வேலையில்லாதவங்களை எண்ணவே எங்களுக்கு ஆள் இல்லாமக் கஷ்டப்படுறோம்," என்றார் கண்ணாயிரம். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது.

"நல்லாக் கீதே ஞாயம். வேலை இங்க சும்மா குந்திக்கினு கீது. நாங்க அங்க சும்மா குந்திக்கினு கீறோம்." சாமியம்மாள் திரும்பினாள். "சுபாஷு தம்பி, இந்த மாசத்துக் கேள்விய நீ இன்னும் எங்கிட்டக் கேக்கல. கேளு."

சுபாஷ் கண்ணாயிரத்தைப் பார்த்தான். மாதக் கேள்வியைக் கேட்காதே என்று சொல்ல வாரியத்தில் யாருக்கும் அதிகாரம் கிடையாது. டேப்லெட்டை எடுத்தான்.

"போன வாரம் வேலை செஞ்சீங்களாக்கா?"

"இல்ல. கோழியெல்லாம் ஓடிப்போச்சி."

"மீன் வேலைக்குத் திரும்பிப் போவீங்களா?"

"ஏரி வந்தா போறேன்."

"வேலை தேடுனீங்களா?"

"தேடுனேன். தேடிக்கினே கீறேன்."

"எந்த வழியில? சொந்தக்காரங்க மூலமா, விளம்பரம் பாத்தா, இல்ல வேற வழியா?"

"வலைவீசி."

சுபாஷ் 'இதர' என்பதைத் தொட்டு, 'வலைவீசி' என்று அடித்தான். டேப்லெட் ஒரு மறுப்பும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. போலீஸ்காரர்கள் தேடினால் பத்திரிகையில் அப்படித்தானே எழுதுகிறார்கள், அதற்குப் பழகியிருக்கும்.

கண்ணாயிரம் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டர் எடுத்த வீடு. மலை முழுக்க அவள்தான் பதில். அவள் தேடுகிறாள் என்றால் மலையே தேடுகிறது. மாதப் புள்ளி ராக்கெட் மாதிரி எகிறும். காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு சென்னைக்குப் போன் போட்டார். அம்மையாரின் கணீர்க் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"தேட வேண்டாம் என்று அந்தப் பெண்மணியிடம் சொல்லுங்கள்."

"சொன்னா, நீங்கதான் விழாவுல தேடச் சொன்னீங்கன்னு சொல்வாங்கம்மா."

"நான் பொதுவாகச் சொன்னேன். பொதுவாகச் சொன்னதை யாராவது செய்வார்களா? வேறு வீட்டை எடுக்கச் சொல்லுங்கள் கம்ப்யூட்டரை."

"எந்த வீட்டை எடுத்தாலும் வலை இருக்கும்மா. நாமதான் கொடுத்தோம்."

அந்தப் பக்கம் ஏதோ புத்தகம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "இலக்கணப்படி வாரத்துக்கு ஒரு மணி நேரம் வேலை கொடுத்தால் போதும். கொடுத்துவிடுங்கள்," என்றது குரல்.

கண்ணாயிரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கேட்டீங்களாம்மா? ஆளுக்கு வாரம் ஒரு மணி நேரம். ஆபீஸைக் கூட்டுங்க, செடிக்குத் தண்ணி ஊத்துங்க. ஒரு மணி நேரம் செஞ்சா நீங்க முழு வேலையில இருக்கிறவங்க. சந்தோஷம்தானே?"

சாமியம்மாள் வலையை மடித்து முழங்கையில் சுற்றிக்கொண்டே பேசினாள். சத்தமே போடவில்லை.

"சரிங்க சார். ஒரு மணி நேரம் வேலை குடுங்க, அந்த ஒரு மணி நேரம் தேட மாட்டோம். மிச்ச நேரமெல்லாம் இங்கயேதான் தேடிக்கினு இருப்போம். நாளைக்கும் வருவோம். எங்களுக்கு அந்தாண்ட மலையூருங்க நெறைய கீது, அவங்களும் வலையோட கீறாங்க. ஒவ்வொருத்தரும் வந்து தேடுனா உங்க மாடி தாங்குமான்னு பாத்துக்குங்க. எம் பொண்ணு பரிட்சை எழுதுற வரைக்கும் நான் குடகுக்கும் போவ மாட்டேன், சும்மாவும் கெடக்க மாட்டேன். உங்க புள்ளி ஏறுனா ஏறட்டும், எறங்குனா எறங்கட்டும்."

"எடி, இந்த டிராயரு பூட்டிக்கீது, இதுல இருக்குமோ?" என்றாள் ஜெயம்மாள் ஒரு மூலையிலிருந்து. கண்ணாயிரம் ஓடிப்போய் அந்த டிராயரின் மேல் உட்கார்ந்துகொண்டார். அதில் என்ன இருந்தது என்பது நம் கதைக்குச் சம்பந்தமில்லாதது.

உட்கார்ந்தபடியே அவர் மறுபடி சென்னைக்குப் பேசினார். சென்னை யார் யாரிடமோ பேசியது. ஏரி வேலையை நிரந்தரமாக நிறுத்தச் சொல்லிப் போன கடிதத்தை, உடனே தொடங்கச் சொல்லும் இன்னொரு கடிதம் விரட்டிப் பிடித்தது. முன்பு செய்தது தப்பு என்று எந்தக் கடிதத்திலும் இல்லை. வாரியம் தப்பே செய்யாது, திருத்தப்பட்ட மதிப்பீடுதான் வெளியிடும். கோப்பில் மேல்நெல்லிக்காட்டில் ஏரி இருந்தது, அதில் மீனும் இருந்தது, மீன் பிடிக்கிற பெண்களுக்கு விருதும் இருந்தது. எனவே ஆணை இப்படி வந்தது: 'மேல்நெல்லிக்காடு ஏரி ஆழப்படுத்தும் பணி. ஊரார் அனைவருக்கும் வேலை.'

வெள்ளிக்கிழமை ராமசாமியின் வேன் வந்து தடம் முடிகிற இடத்தில் நின்றது. ஹாரன் அடித்தான். ஒருத்தரும் இறங்கி வரவில்லை. மறுபடி அடித்தான். ஆளைக் காணாமல் அவனே திட்டிக்கொண்டு ஊருக்கு ஏறி வந்தான்.

ஊருக்கு மேற்கே, ஓடை ஓரமாக இருந்த கொஞ்சம் சமதரையில் எல்லோரும் மண்வெட்டியும் கூடையுமாக நின்றிருந்தார்கள். முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. கரையில் 'ஏரி ஆழப்படுத்துதல்' என்று புதுப் போர்டு. மகேஸ்வரி சீருடையோடு, பை மாட்டிக்கொண்டு, பஸ் பிடிக்க அந்த வழியே இறங்கிப் போனாள். "எம்மா, போயிட்டு வரேன்," என்றாள். இந்த முறை தலை நிமிர்ந்துதான் இருந்தது.

ராமசாமி போர்டைப் படித்தான். பள்ளத்தைப் பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்தான்.

"இன்னாம்மா சாமியம்மா, ஏரி ஆழப்படுத்துறாங்கன்னு போட்டுக்கீது. ஏரி எங்க?"

சாமியம்மாள் நிமிரக்கூட இல்லை. ஒரு வெட்டு வெட்டி மண்ணைப் புரட்டிக் கூடையில் போட்டாள்.

"கணக்குல எப்பவோ வந்துடிச்சி," என்றாள். "ஊருக்கு இப்பதான் கொண்டாந்துக்கினு கீறோம்."